ஒழுங்கா நில்லுங்கோ!

போன சனிக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு என் மகளைத் தொலைத்தேன்.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்கிறீர்களா? அந்த நிமிடம் நான் எடுத்த ஒரு படம் இருக்கிறது. பழைய வீடு ஒன்றின் படம். கறுத்த மரச் சட்டங்கள், நடுவில் வெள்ளைச் சுண்ணாம்பு, ஜன்னல் தொட்டியில் சிவப்புப் பூ. அருமையான படம். அதன் மேல் இரண்டு நாற்பது என்று பதிவாகியிருக்கிறது. எடுத்துவிட்டு போனைக் கீழே இறக்கினால்… பக்கத்தில் நின்ற ஒன்பது வயதுப் பெண் இல்லை.

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அவள் பாத்ரூம் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று, "மகிழ், உள்ளதான இருக்க?" என்று கேட்கிறேன். மேடத்துக்குக் கோபம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரியும். மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் குடித்தனம். கவலைப்படுவது என் இலாகா. மற்ற எல்லா இலாகாவும் என் மனைவி கவிதாவிடம். அன்றைக்கு ஆபீஸ் வேலை என்று அவள் வரவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்: "பொண்ணப் பாத்துக்கோ. வீட்டையெல்லாம் பாத்துட்டு நின்னுடாத."

பாருங்கள், எவ்வளவு தெளிவான தமிழ்!

நாங்கள் போனது கலா அக்காவைப் பார்க்க. மியூனிக்கில் இலங்கைத் தமிழர்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மகிழுக்கு அகரம் சொல்லிக் கொடுத்தவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் இங்கே வந்தவர். மகிழுக்கு அவர் 'ரீச்சர்'. டீச்சர் அல்ல, ரீச்சர். எழுத்திலும் அப்படித்தான் எழுதுவாள்.

இதில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. பால் குடித்தாயா என்றால் "ஓம்" என்பாள். அறையைச் சுத்தம் செய் என்றால் "ஏலாது" என்பாள். கடைக்கு வருகிறாயா என்றால் "வாறன்". ஒருநாள் பொறுக்க முடியாமல், "நம்ம வீட்டுத் தமிழ்ல பேசும்மா" என்றேன். அடுப்படியிலிருந்து கவிதாவின் குரல் வந்தது: "எது? உன் திருநெல்வேலித் தமிழா, என் மெட்ராஸ் தமிழா?"

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கலா அக்கா போன வருஷம் உல்ம் நகரத்துக்கு வீடு மாறிப் போனார். "லீவிலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி, பழைய மரவீடுகள் காட்டுறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளி விடுமுறை வந்தது. போனோம். ஸ்டேஷனுக்கே காரோடு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்.

உல்ம் என்றால் எல்லோரும் வானத்தை முட்டும் அதன் தேவாலயத்தைச் சொல்வார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு, கொஞ்சம் கீழே டான்யூப் நதிப்பக்கம் இறங்கினால் மீனவர் பேட்டை. மீன் பிடித்தவர்கள், படகு கட்டியவர்கள், தோல் பதனிட்டவர்கள் வாழ்ந்த இடம். டான்யூபில் கலக்க வரும் ஒரு சின்ன ஆறு, இந்த இடத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து வீடுகளுக்கு நடுவே ஓடுகிறது. தண்ணீருக்குள்ளேயே சுவர் இறக்கிக் கட்டிய வீடுகள். மரத்தில் எலும்புக்கூடு மாதிரி சட்டம் அடித்து, இடைவெளியை மண்ணும் வைக்கோலும் போட்டு அடைத்திருக்கிறார்கள். சில வீடுகளுக்கு இடுப்பு வளைந்துவிட்டது. ஒன்று ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்து, குனிந்து மீன் பார்ப்பது போல நிற்கிறது. மேல்மாடியில் திறந்த பரண் மாதிரி ஒன்று. அங்கேதான் ஈரத் தோலைத் தொங்கவிட்டுக் காயவைப்பார்களாம்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வரும் பெரிய மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்பார்கள். இன்றைக்கு அதே பரணுக்குக் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அதே ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயில் நுழையாத பெயருள்ள காபி குடிக்கிறார்கள். நாற்றம் போக வேண்டியதுதான், வாடகை ஏறிவிடும் போலிருக்கிறது.

எனக்குப் பிடித்தது வீடுகளைவிட, வீடுகளுக்கு நடுவே போன வழிகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். இந்த ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எதிர் ஜன்னலில் உப்பு வாங்கிவிடலாம்.

"அச்சு அசல் எங்க ஊர் முடுக்கு மாதிரியே இருக்கு அக்கா" என்றேன்.

கலா அக்கா முன்னும் பின்னும் பார்த்தார். "முடக்கோ? எங்கை தம்பி முடக்கு? நேராத்தானே போகுது."

"முடக்கு இல்லக்கா, முடுக்கு. திருநெல்வேலிப் பக்கம் குறுகலான சந்தை அப்படித்தான் சொல்லுவோம்."

"ஓ… சந்தோ! எங்கடை ஊரிலை முடக்கு எண்டா தெரு திரும்பிற இடம். சந்துக்கு நாங்கள் சொல்றது—"

அந்த நேரம் பார்த்து அவருடைய போனில் அலாரம் அடித்தது.

"ஐயோ, காரின்ரை பார்க்கிங் நேரம் முடியுது. தண்டம் எழுதிப்போடுவாங்கள். நீங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நில்லுங்கோ, நான் ஓடிப் போட்டு வாறன். வரேக்கை ரோல்ஸும் எடுத்துக்கொண்டு வாறன்."

இலங்கைக்காரர்கள் கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸ் என்றதும் மகிழ் துள்ளினாள். அக்கா போனார். நான் போனைத் தூக்கினேன். சுண்ணாம்பு, சட்டம், பூத்தொட்டி. இரண்டு நாற்பது.

முதல் அரை நிமிடம் ஒன்றும் தோன்றவில்லை. "மகிழ்?" என்றேன். பிறகு கொஞ்சம் சத்தமாக, "மகிழ்!" பிறகு, ஜெர்மனியில் இத்தனை வருஷத்தில் நான் ஒருபோதும் எழுப்பாத ஒரு குரலில், "மகிழினீ…!"

பதிலாக வந்தது தண்ணீர்ச் சத்தம்தான்.

அதுவரை அந்தச் சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? சலசல என்று, ஏதோ பின்னணி இசை மாதிரி. இப்போது அதுவே பயமுறுத்தியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். வீட்டுக்கு அடியில் தண்ணீர், பாலத்துக்கு அடியில் தண்ணீர், இதெல்லாம் போய்ச் சேரும் இடத்தில் பெரிய டான்யூப். என் மகளுக்கு நீச்சல் தெரியும். நீச்சல் குளத்தில். தரை நீலமாகத் தெரியும், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும் குளத்தில்.

வரலாற்றுச் சிறப்பு மிக்க இடம் என்பதெல்லாம் நம் பிள்ளை நம் கண் முன்னால் நிற்கும் வரைதான். அதற்குப் பிறகு அது வெறும் இருட்டுச் சந்து, வழுக்குகிற கல்.

கலா அக்காவுக்கு போன் போட்டேன். காலையிலிருந்து படமாக எடுத்துத் தள்ளியதில் பேட்டரி சிவப்பில் இருந்தது.

"அக்கா, மகிழைக் காணோம்! இங்கதான் நின்னா, காணோம்!"

"தம்பி, பதறாதேங்கோ. நீங்கள்…" கரகர. "ஒழுங்கா…" கரகர. "…நில்லுங்கோ! அசையாதேங்கோ! நான் இந்தா—"

போன் உயிரை விட்டது.

ஒழுங்கா நில்லுங்கோ!

சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு விநாடி நான் உண்மையிலேயே ஒழுங்காக நின்றேன். முதுகை நிமிர்த்தி, கையை உடம்போடு ஒட்டி, பள்ளிக்கூடத்துக் காலை இறைவணக்கத்தில் நிற்பது போல. வாத்தியார் குரலுக்கு இந்த உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது.

அடுத்த விநாடி கோபம் வந்தது. பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிறவனிடம் சொல்லும் வார்த்தையா இது? ஒழுங்கா நில்லுங்கோவாம்! அழக்கூடாதா? கத்தக்கூடாதா? வெள்ளைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று சட்டையை நேராக இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டுமா?

ஓடினேன்.

எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். தண்ணீர் ஓடிய பக்கம். ஒரு பாலம், ஒரு சந்து, மறுபடி ஒரு பாலம். எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒவ்வொன்றும் ஒரு அழகு என்று படம் பிடித்தவன் நான்தான். இப்போது எது எது என்று அடையாளம் தெரியவில்லை. டான்யூபை ஒட்டிய பழைய மதில் வரை போய், நதியை எட்டிப் பார்த்தேன். அகலமாக, அமைதியாக, எனக்கு ஒன்றும் தெரியாது என்பது போலப் போய்க்கொண்டிருந்தது. பார்க்க முடியாமல் திரும்பி வந்து வேறொரு சந்தில் நுழைந்தேன்.

அங்கே ஒரு வீட்டின் கீழ்த்தள ஜன்னலில், அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள் பூத்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பூவாளியைக் கீழே வைத்தார்.

"என் மகள்" என்றேன் ஜெர்மனில். "ஒன்பது வயது. காணவில்லை."

"என்ன உடுத்தியிருக்கிறாள்?"

அன்பான வாசகர்களே, அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மன் வார்த்தை தெரியாமல் இல்லை. எந்த மொழியிலும் தெரியவில்லை. காலையில் அந்தக் கோட்டின் ஜிப்பை இழுத்துவிட்டவனே நான்தான். ரயிலில் இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்து வந்திருக்கிறேன். என்ன நிறம்? நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களில் ஒன்றிலாவது அவள் இருந்தால்… போன்தான் செத்துப் போயிற்றே. அது உயிரோடு இருந்தாலும் பயனில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். வீடு, வீடு, வீடு. அவள் ஓரத்தில் வந்துவிட்டாள் என்று ஒரு படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுத்தது ஞாபகம் வந்தது.

"சிவப்பு" என்றேன். சிவப்பு அந்த ஜன்னல் பூ என்பது பிறகுதான் உறைத்தது.

அந்த அம்மாள் மேலே எதுவும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, அண்ணாந்து, எதிர் வீட்டு மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். என்ன குரல்! ஜெர்மானியர்கள் சத்தம் போடமாட்டார்கள் என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாம் அப்பார்ட்மெண்டில் குடியிருப்பவர்கள். மாடி ஜன்னல் திறந்தது. மேஜை விரிப்பை உதறிக்கொண்டே ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். விஷயம் கேட்டாள். உள்ளே போனாள். மறுபக்க ஜன்னலைத் திறந்து, அடுத்த சந்தில் யாருக்கோ கத்தினாள். அங்கிருந்து ஒரு ஆண் குரல் அதை வாங்கி, பாலத்தடிக் காபிக் கடைக்குக் கொடுத்தது. "சிவப்புக் கோட்… சின்னப் பெண்… ஒன்பது வயது…" வார்த்தைகள் ஜன்னல் ஜன்னலாகத் தாவிப் போவதை என் காதால் கேட்டேன்.

கையெட்டும் தூரத்தில் ஜன்னல் வைத்துக் கட்டியவர்கள் அழகுக்காகக் கட்டவில்லை. இடமில்லாமல் கட்டினார்கள். ஆனால் ஆற்றோரம் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த நெருக்கம் எதற்கெல்லாம் உதவியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நினைக்கவில்லை. அப்போது மறுபடி ஓடப் பார்த்தேன்.

அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஷ்டேஹன் ப்ளைபன்!" என்றார்.

நின்ற இடத்திலேயே நில். இரண்டே வார்த்தை. தெளிவாகப் புரிந்தது. நின்றேன்.

சுவரில் சாய்ந்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் அந்த வீட்டின் மரச் சட்டம் இருந்தது. வெயில் பட்டு, மரம் வெதுவெதுப்பாக இருந்தது. கவிதாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். எந்த வாக்கியமும் 'கவிதா' என்ற வார்த்தைக்கு மேல் நகரவில்லை.

பிறகு, போன வழியிலேயே செய்தி திரும்பி வந்தது. காபிக் கடை, ஆண் குரல், மேஜை விரிப்புப் பெண், ஜன்னல் அம்மாள். அவர் முகத்தில் ஒரு குழப்பம். அந்தப் பக்கத்து ஜெர்மன் எனக்குப் பாதிதான் பிடிபடும் என்பதால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"சிவப்புக் கோட் போட்ட பெண் யாரும் இல்லையாம். ஆனால் மஞ்சள் கோட் போட்ட ஒரு பெண் இருக்கிறாளாம். அவள் தன் அப்பாவைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாளாம்."

மஞ்சள்! மஞ்சள்தான்! ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெரிய எலுமிச்சம்பழம் மாதிரி உட்கார்ந்திருந்தாளே!

அந்த அம்மாள் இன்னும் முடிக்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை அளந்துகொண்டே சொன்னார்: "அந்த அப்பாவுக்குப் பச்சை ஸ்வெட்டர். கண்ணாடி. உள்ளே சட்டையின் மேல் பொத்தானைத் தப்பான துளையில் போட்டிருப்பார். இடது கால் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கும், எப்போதும் அப்படித்தானாம்." ஜன்னலிலிருந்து குனிந்து என் காலைப் பார்த்தார். "ஆமாம். நீங்கள்தான்."

நானும் குனிந்து பார்த்தேன். இடது கால் லேஸ் தரையில் கிடந்தது.

அந்த இடத்தில், முன்பின் தெரியாத ஒரு வீட்டுச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதை எழுதப்போவதில்லை. அந்த அம்மாள் பூவாளியை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே நனைந்திருந்த பூவுக்கு மறுபடி தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். நல்ல மனுஷி.

காலடிச் சத்தம் கேட்டது. சந்தின் முனையில் முதலில் மஞ்சள் கோட். அதன் பின்னால் ரோல்ஸ் பெட்டியோடு, மூச்சு வாங்கிக்கொண்டு கலா அக்கா.

நான் கையை விரித்தேன். மகிழ் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. ஓரடி தள்ளியே நின்றாள். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள். ஆனால் குரல் அப்படியே ரீச்சர்.

"எங்கை அப்பா போனீங்கள்?"

"நானா? நீ எங்கம்மா போன?"

"நான் எங்கையும் போகேல்லை! உங்களுக்குப் பின்னாலை படி இருந்தது. கீழை இறங்கி மீன் பாத்தனான். தண்ணி சத்தத்திலை நீங்கள் கூப்பிட்டது கேக்கேல்லை. ஏறி வந்து பாத்தா உங்களைக் காணேல்லை!"

எனக்குப் பின்னால் படி. திரும்பியிருந்தால் போதும்.

"அதுதானே தம்பி" என்று கலா அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். "நான் வந்து பாக்கிறன், பிள்ளை சொன்ன சொல் கேட்டு நிண்ட இடத்திலை நிக்குது. உங்களைக் காணேல்லை. போன் எடுக்கிறன், வேலை செய்யேல்லை. உங்களை அங்கையே நில்லுங்கோ, அசையாதேங்கோ எண்டு சொன்னனானெல்லோ?"

"இல்லக்கா… நீங்க வந்து… 'ஒழுங்கா நில்லுங்கோ'ன்னு திட்டினீங்க."

"நானோ? திட்டினனானோ?" அக்கா வாயைப் பிளந்தார். "ஒழுங்கையிலை நில்லுங்கோ எண்டெல்லோ சொன்னனான். ஒழுங்கையிலை!"

"ஒழுங்கைன்னா…?"

"ஒழுங்கை எண்டா காஸ, அப்பா" என்று மகிழ் எனக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்தாள். அந்தச் சந்தின் மூலையில் இருந்த பெயர்ப் பலகையைக் காட்டினாள். பெயரின் கடைசியில் அதே 'காஸ'. "துலைஞ்சா ஓடக்கூடாது, நிண்ட ஒழுங்கையிலையே நிக்கோணும் எண்டு ரீச்சர் எப்பவும் சொல்றவா."

"ஓம் தம்பி, உங்கடை முடுக்குத்தான். அலாரம் அடிக்க முதல் அதைத்தான் சொல்ல வெளிக்கிட்டனான்" என்ற கலா அக்கா, "ஒழுங்கா நில்லுங்கோவாம்… ஒழுங்கா நில்லுங்கோவாம்…" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, கடைசியில் அந்த வீட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் சிரித்தேன். ஒன்றுமே புரியாமல் ஜன்னல் அம்மாளும் சிரித்தார். அவர் கைக்கு ஒரு ரோல்ஸ் போனது.

ஜெர்மனில் யார் எதைச் சொன்னாலும், "மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்கும் ஆள் நான். இத்தனை வருஷத்தில் தமிழில் ஒருமுறையாவது அப்படிக் கேட்டிருப்பேனா? நம் மொழிதானே என்ற தெனாவெட்டு. அந்த அம்மாள் சொன்னதும் கலா அக்கா சொன்னதும் ஒரே விஷயம். ஜெர்மனில் சொன்னபோது நின்றேன். தமிழில் சொன்னபோது ஓடினேன்.

மகிழ் மட்டும் சிரிக்கவில்லை. கல் தரையில் மண்டியிட்டாள். என் இடது கால் லேஸை எடுத்து இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். பிறகு அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"இனியாவது ஒழுங்கா ஒழுங்கையிலை நில்லுங்கோ."